பெயரின் முன்னே நிற்கும் ஊர்

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்திற்கும் இடையே இருப்புப்பாதையில் பாபநாசம் என்றொரு நிலையம் உண்டு. அதனை அடுத்துக் காவிரி வளம் பெற்ற வயல்களின் நடுவே அமைந்த சிற்றூர் உத்தமதானபுரம். மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் பெயரில் முதலில் நிற்கும் எழுத்து இவ்வூரைக் குறிப்பது. அடுத்தது தந்தையார் வேங்கடசுப்பையரைக் குறிப்பது.

இவ்வூர் தோன்றிய வரலாறு சுவையானது. முற்காலத்தில் தஞ்சையை ஆண்ட அரசர் ஒருவர், ஏகாதசியன்று தாம்பூலம் தரிப்பதில்லை என்ற விரதம் உடையவர். பிரயாணத்தின்போது இவ்விடத்தில் தங்கியவர், ஒரு நாள் அதனை மறந்துவிட்டார். அதற்குப் பரிகாரமாக வீடுகள் சமைத்து, இரண்டு வீட்டிற்கு ஒரு கிணறு அமைத்து, நிலங்களுடன் அந்தணர்க்குத் தானம் செய்தார். உத்தமமான தானத்தால் எழுந்த ஊராதலின் அப்பெயர் பெற்றது என்பது வழிவழியாக வழங்கிய செய்தி.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், தாயார் பிறந்த ஊராகிய சூரியமூலையில் தோன்றினார்கள். தந்தையார் சங்கீத வித்துவான். பிழைப்பை நாடியும் மகனுடைய கல்வியை நாடியும் அக்குடும்பம் அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராகப் பெயர்ந்தது. பின்னர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்து, 1876-இல் அப்பெரியார் மறையும் வரை உடனிருந்து கற்றார்கள்.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்கள். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரவர்களின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியில் மனம் சென்றது. ஏட்டுச் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்து, 1887-இல் சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும், 1898-இல் மணிமேகலையையும் அச்சேற்றினார்கள். பட்டணத்து வீடுகளைவிடச் சிற்றூர்ப் பரண்களே அவர்களுக்குப் பெரும் புதையலாயின. கறையானுக்கு இரையாக இருந்த செல்வம் தமிழுலகின் பொதுச் சொத்தாயிற்று.

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்ற பின்னர் வாழ்வு பெரும்பாலும் நகரத்திலேயே கழிந்தது. ஆயினும் முதிர்ந்த வயதில், 1940 முதல் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதத் தொடங்கியபோது, அவர்கள் முதலில் எழுதியது தம்மைப் பற்றியன்று, உத்தமதானபுரத்தைப் பற்றியே! 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அவர்கள் மறைந்தமையால் அந்நூல் முற்றுப்பெறவில்லை. ஊரின் கதை மட்டும் முழுமையாக நின்றது.

டில்லியில் வாழும் நாம், குடும்பப் பெயர் கேட்கும் படிவங்களை நிரப்பி நிரப்பி, ஊரின் எழுத்தை மெல்ல விட்டுவிட்டோம். நம் குழந்தைகளுள் பலர் பாட்டனார் ஊரின் குளத்தையும் கோயிலையும் அறியார். ஐயரவர்கள் ஏட்டுச் சுவடிகளைக் காத்தார்கள். தம் ஊரையும் எழுதிக் காத்தார்கள். ஏடு தேடி அலைவது நம்மால் இயலாதிருக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நம் ஊர் வரலாற்றை, அறிந்த பெரியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது எவர்க்கும் இயலும். இவ்வாண்டு விழாவுக்கு வந்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அதனைத் தொடங்குமாக!