சம்பள பாக்கி தீர்த்த பீங்கான்

1800-ஆம் ஆண்டு. பாரீஸ் நகரை அடுத்த சேவ்ர் என்னும் ஊரில் இருந்த பீங்கான் தொழிற்சாலை மூச்சுத் திணறிக் கொண்டிருந்தது. பதினைந்தாம் லூயி மன்னர் 1759-இல் தம் உடைமையாக்கிக் கொண்ட ஆலை அது. அங்கே செய்த பூச்சாடிகளும் கோப்பைகளும் ஐரோப்பிய அரண்மனைகளை அலங்கரித்தன. பிரெஞ்சுப் புரட்சி வந்தது. மன்னராட்சி போயிற்று, வாங்குவோரும் போயினர். தொழிலாளர்களின் சம்பளம் பாக்கி நின்றது.

அந்த வேளையில் பொறுப்பேற்றவர் அலெக்ஸாந்தர் பிரோன்யார். வயது முப்பது. தந்தை பெயர்பெற்ற கட்டடக் கலைஞர். மகனோ சுரங்கப் பொறியாளர். கல்லையும் மண்ணையும் ஆராய்ந்த விஞ்ஞானி.

கஜானா காலி. ஆனால் கிடங்கில் சித்திரம் தீட்டப்படாத பழைய வெள்ளைப் பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. அவற்றை விற்றுவிட அவர் துணிந்தார். கிடைத்த பணம் தொழிலாளர் பாக்கியைத் தீர்க்க உதவியது. ஆலை பிழைத்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. வெள்ளைப் பாத்திரங்களை வாங்கிய வியாபாரிகள், அவற்றின் மீது பழைய பாணியில் பூவும் பொன்னும் தீட்டுவித்து, மன்னர் காலத்துப் பண்டம் என்று விற்றனர். பாத்திரம் அசல், சித்திரம் போலி! பழம்பொருள் சேகரிப்போர் இன்றும் இதனால் ஏமாறுவதுண்டு. பிரோன்யாரைக் குறை சொல்வோரும் உண்டு. ஆனால் கலைப்பொருளின் மானத்தைவிட, அதைச் செய்த கைகளின் பசி பெரிதல்லவா?

அவர் அத்துடன் நிற்கவில்லை. பழைய பீங்கான் கண்ணாடித் தூள் கலந்த மென்மையான வகை. அழகானது, ஆனால் சூளையில் எளிதில் கோணி வீணாகும். 1804-இல் அதை நிறுத்தினார். லிமோஜ் நகருக்கு அருகே 1768-இல் கண்டெடுக்கப்பட்ட கயோலின் என்னும் வெண்களிமண்ணால் ஆன உறுதியான பீங்கானையே செய்வித்தார். நெப்போலியன் ஆணைப்படி 1806-இல் தொடங்கி 1812-இல் முடிந்த பீங்கான் மேஜை அவர் காலத்துச் சாதனை. பண்டைய உலகின் பெரும் தளபதிகளின் உருவங்கள் தீட்டப்பட்ட அந்த மேஜை, இன்று லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் உள்ளது.

ஓய்வு கிடைத்தால் கல் தேடப் புறப்பட்டுவிடுவார். குவியே என்ற அறிஞருடன் சேர்ந்து பாரீஸ் சுற்றுப்புறத்தின் நிலவியலை ஆராய்ந்து, 1811-இல் வரைபடத்துடன் வெளியிட்டார்.

1824-இல் சேவ்ரில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். அதில் அரண்மனைக் கோப்பைக்கு மட்டுமல்ல, குடியானவர் வீட்டு மண்சட்டிக்கும் இடமுண்டு. இரண்டையும் ஈன்றது மண்ணும் நெருப்புமே என்பது அவர் கொள்கை. தொழில் அனுபவம் முழுவதையும் 1844-இல் பெரிய நூலாக்கி உலகுக்கு வழங்கினார்.

பேரரசர் போனார், மன்னர்கள் மாறினர். பிரோன்யார் மட்டும் மாறவில்லை. 47 ஆண்டுகள் அதே பதவியில் இருந்து, 1847-இல் மறைந்தார். அன்று அவர் அணையாமல் காத்த சேவ்ர் சூளை இன்றும் எரிகிறது.