கப்பலுக்கு கரி விற்றார். கோடி ரூபாய் கடன் வைத்தார்! - தாகூரின் தாத்தா கதை

கவி ரவீந்திரநாத் தாகூரை தெரியாதவர் இல்லை. ஆனால் அவருடைய தாத்தா துவாரகநாத் தாகூர் கரி வியாபாரி என்பது எத்தனை பேருக்கு தெரியும்? அடுப்புக் கரி அல்ல. கப்பல் ஓட்டும் நிலக்கரி!

1794-ல் கல்கத்தாவில் பிறந்தவர். கும்பினி சர்க்காரின் உப்பு, அபினி இலாகாவில் திவானாக இருந்தார். 1834-ல் வேலையை உதறிவிட்டு, வில்லியம் கார் என்ற வெள்ளைக்காரருடன் சேர்ந்து கார்-தாகூர் கம்பெனியை தொடங்கினார். துரைக்கு கைகட்டி நிற்கும் வேலை இல்லை; சரிசமமான கூட்டு. அந்தக் காலத்தில் லேசுப்பட்ட காரியமா அது?

ஏலத்தில் சுரங்கம்

நீராவிக் கப்பல்கள் தலைகாட்டிய நேரம். நீராவி என்றால் கரி வேண்டுமே! 1836-ல் திவாலான கம்பெனி ஒன்றின் ராணிகஞ்ச் சுரங்கம் ஏலத்துக்கு வந்தது. 70 ஆயிரம் ரூபாய்க்கு தட்டிக்கொண்டு போனார் துவாரகநாத்.

ஹூக்ளி ஆறு முழுக்க மணல் திட்டு. பாய்க்கப்பல்களை கயிறு கட்டி இழுத்துவர நீராவி இழுவைப் படகுகள் வந்தன. அந்தப் படகுச் சங்கத்தை நிர்வகித்தது கார்-தாகூர் கம்பெனி. படகுக்கு கரி போட்டதும் அதே கம்பெனி! வாங்குகிற கையும் விற்கிற கையும் ஒன்றானால் விலையை யார் பேரம் பேசுவது?

சீனாவுக்கு அபினி கொண்டுபோன 'வாட்டர்விட்ச்' கப்பலிலும் அவருக்கு பங்கு உண்டு.

வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று மனைவி திகம்பரி அம்மாளே ஒதுங்கி வாழ்ந்தார். இவர் அசரவில்லை. 1842-ல் சொந்தக் கப்பலிலேயே லண்டன் போய் விக்டோரியா மகாராணியை பார்த்தார்! இரண்டாவது தடவை போனவர் திரும்பவில்லை. 1846 ஆகஸ்டு 1-ந் தேதி லண்டனிலேயே இறந்தார்.

மகன் தலையில்

துவாரகநாத் முன்னின்று 1829-ல் தொடங்கிய யூனியன் பாங்கி, டைரக்டர்களின் கம்பெனிகளுக்கே கடனை அள்ளிக் கொடுத்திருந்தது. 1848 ஜனவரியில் பாங்கி மூழ்கியது. கார்-தாகூர் கம்பெனியும் சாய்ந்தது. கடன் ஒரு கோடி. வரவேண்டியது 70 லட்சம்தான்.

கடன்காரர்கள் கைவைக்க முடியாதபடி சில ஜமீன்களை 1840-லேயே டிரஸ்டு எழுதி வைத்திருந்தார் அப்பா. மகன் தேவேந்திரநாத் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டிவிட்டார்! வண்டி, குதிரை எல்லாம் ஏலத்துக்கு போயின. வேலைக்காரர்களை குறைத்தார். பல வருஷம் பாடுபட்டு கடனை அடைத்தார்.

ராணிகஞ்ச் கரி மட்டும் நிற்கவில்லை. துவாரகநாத் 1843-ல் உண்டாக்கிய பெங்கால் கோல் கம்பெனி, தாய்க் கம்பெனி போன பிறகும் வேறு கைகளில் ஓடிக்கொண்டிருந்தது.