ஆய்லரும் இரு பேரெண்களும்

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். 7 அத்தகையது என்பதைச் சிறுவரும் அறிவர். 31 இரண்டுகளைத் தம்முட் பெருக்கி ஒன்று கழிக்க வரும் 214,74,83,647 அத்தகையதோவெனின், அறிஞரும் தயங்குவர். அதனைத் துணிந்துரைத்த லெயோனார்டு ஆய்லரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

ஆய்லர் 1707ஆம் ஆண்டு சுவிட்ஸர்லாந்திலுள்ள பாஸெல் நகரிற் பிறந்தார். தந்தையார் ஒரு போதகர். மகனும் திருப்பணி புரிதல் வேண்டுமென விரும்பினார். இளைஞரின் கணித நுண்மதியைக் கண்ட யோஹான் பெர்னூலி என்னும் பேராசிரியர் பரிந்து பேசவே, தந்தையாரும் இசைந்தார். 1727இல் ஆய்லர் ருஷியாவின் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக் கலைக்கழகத்தை அடைந்தார்.

பிரெஞ்சுக் கணித மேதையாகிய பெர்மா என்பவர், 3, 5, 17, 257, 65,537 எனத் தாம் கண்ட வரிசையில் வருவன யாவும் பகா எண்களே எனக் கருதியிருந்தார். அவ்வரிசையில் அடுத்தது 429,49,67,297. அது 641ஆல் வகுபடும் என்றும், ஈவு 67,00,417 என்றும் 1732இல் ஆய்லர் கண்டார். பெரியார் கருத்தாயினும் ஆராய்ந்தே கொள்ளற்பாலது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

சில ஆண்டுகளில் அவரது வலக்கண் ஒளியிழந்தது. 1741 முதல் 25 ஆண்டுகள் பெர்லினில் உழைத்து, 1766இல் ருஷியாவுக்கு மீண்டபின் இடக்கண்ணையும் படலம் மறைத்தது. 1771இல் செய்த சிகிச்சையால் வந்த பார்வையும் சின்னாளில் நீங்கிற்று. அவ்வாண்டே இல்லம் தீக்கிரையாயிற்று. பாஸெல் நகரத்தார் ஒருவர் அவரைச் சுமந்து வெளிக்கொணர்ந்து காத்தார். ஆயினும் ஆராய்ச்சி நின்றிலது. அவர் சொல்ல, மக்களும் மாணாக்கரும் எழுதினர்.

இந்நிலையிலேதான், 1772இல், நாம் முதற்கண் கூறிய பேரெண் பகா எண்ணே என அவர் அறிவித்தார். மெர்சேன் என்னும் துறவி 1644இலேயே அங்ஙனம் கூறியிருந்தார். எனினும் அதனை நிறுவினாரில்லை. அதனை நிறுவ 46,340 வரையுள்ள எண்களால் வகுத்துப் பார்த்தல் போதும். ஆயினும் அதுவே பெரும்பாடன்றோ? அவ்வெண்ணை வகுக்கும் பகா எண் ஏதேனும் இருப்பின், அதனை 248ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதியாதல் வேண்டும் என ஆய்லர் கண்டார். அதனால் ஆயிரக்கணக்கான சோதனைகள் ஒழிந்து சிலவே எஞ்சின. அவற்றுள் ஒன்றேனும் அதனை வகுத்திலது. மெர்சேன் கூறிய எண்களுட் சில பிற்காலத்தே பிழையெனப்பட்டன; இதுவோ நிலைத்தது. நெடுங்காலம் மனிதர் அறிந்த பகா எண்களுள் இதுவே தலையாயதாக விளங்கிற்று. 2024இல் கணிப்பொறிகளின் துணையாற் கண்ட, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணும் இவ்வினத்ததே.

மாலைதோறும் குடும்பத்தாரைக் கூட்டி ஜெபம் செய்வதை ஆய்லர் வழக்கமாகக் கொண்டிருந்தார். 1783 செப்டம்பர் 18ஆம் நாள், யுரேனஸ் கிரகத்தின் பாதையைப் பற்றி உரையாடிய அன்றே அவர் உயிர் நீத்தார். பெர்மாவின் எண்ணைப் பிளந்ததும் மெர்சேனின் எண்ணை நிலைநாட்டியதும் ஒரே பொறுமையே. சொன்னவர் யாவரென நோக்காது, சொல்லப்பட்டதை வகுத்துப் பார்க்கும் அப்பொறுமையை, கல்லூரியிற் பயிலும் நாமும் அப்பெரியார்பாற் கற்போமாக.