மெட்ராஸில் சட்டம் சொல்லிக் கொடுத்த போலந்துக்காரர்: யார் இந்த அலெக்ஸாண்ட்ரோவிச்?

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. அந்தக் குறியீட்டுக்குப் பின்னால் இந்தியாவின் 1999-ம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம். அதே ஊரில் கோயில் நிர்வாகத்தில் அரசு எதுவரை கை வைக்கலாம் என்ற கேள்வி வந்தால், பதில் அரசியலமைப்புச் சட்டத்தின் 25, 26-வது பிரிவுகளில் இருக்கு.

ஒன்று சர்வதேச வர்த்தகச் சட்டம், இன்னொன்று அரசியலமைப்புச் சட்டம். இந்த இரண்டையும் ஒரே மனிதர் 1950-களில் மெட்ராஸில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தார், புத்தகம் எழுதினார். அவர் தமிழரும் இல்லை, இந்தியரும் இல்லை. பெயர் சார்லஸ் ஹென்றி அலெக்ஸாண்ட்ரோவிச்.

ஊர் ஒன்று, நாடு பல

1902-ல் லெம்பெர்க் நகரில் பிறந்தவர். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. பிறகு போலந்துக்குப் போனது, அப்புறம் சோவியத் யூனியனுக்கு. இன்று உக்ரைனில் லிவிவ் என்ற பெயரில் இருக்கிறது. சர்வதேசச் சட்டத்தின் பெரிய தலைகளான லாட்டர்பாக்ட், லெம்கின் ரெண்டு பேரும் படித்ததும் இதே நகரத்தில்தான். போலந்து என்ற நாடே 1795 முதல் 1918 வரை வரைபடத்தில் கிடையாது. ஒரு நாடு எப்போது நாடாகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி அந்த ஊர்க்காரர்களுக்கு வெறும் பாடப்புத்தகக் கேள்வியாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

இரண்டாம் உலகப் போர் அவரை லண்டனில் கொண்டு சேர்த்தது. போரில் சிதைந்த ஐரோப்பாவின் ரயில், சாலைப் போக்குவரத்தைச் சீராக்க 1945-ல் நாடுகள் சேர்ந்து ஒரு அமைப்பை உருவாக்கின. அதில் அவர் பொறுப்பு வகித்தார். நாடுகள் சேர்ந்து ஒரு பொருளாதார அமைப்பை நடத்துவது எப்படி என்பதை உள்ளே இருந்து பார்த்த அனுபவம் அது.

மெட்ராஸுக்கு ஏன்?

1951-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச மற்றும் அரசியலமைப்புச் சட்டத் துறையை உருவாக்கும் வேலை அவரிடம் வந்தது. ஏ.லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தராக இருந்த காலம்.

நேரத்தைப் பாருங்க. அரசியலமைப்புச் சட்டம் அமலுக்கு வந்து ஒரு வருஷம்தான். முக்கியமான வழக்குகள் வரிசையாக மெட்ராஸில் இருந்தே கிளம்பிக்கொண்டிருந்தன. ஏ.கே.கோபாலன் வழக்கும், பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய ரொமேஷ் தாப்பர் வழக்கும் 1950-ல் வந்தன. இடஒதுக்கீட்டு அரசாணையை ரத்து செய்த செண்பகம் துரைராஜன் வழக்கு 1951-ல் வந்தது. அதன் விளைவாக அதே ஆண்டு முதல் அரசியலமைப்புத் திருத்தம். 1954-ல் ஷிரூர் மடம் வழக்கு. மத விவகாரம் எது, நிர்வாக விவகாரம் எது என்று உச்ச நீதிமன்றம் அதில்தான் கோடு போட்டது. தமிழ்நாட்டின் அறநிலையத் துறை வழக்குகளில் இன்றும் அந்தத் தீர்ப்பு பேசப்படுகிறது.

சட்டம் படிக்கிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? 1957-ல் இந்திய அரசியலமைப்பின் வளர்ச்சி பற்றி அவர் எழுதிய நூல் வெளியானது.

வர்த்தகப் பக்கம் அதற்கு முன்பே கை வைத்துவிட்டார். சர்வதேசப் பொருளாதார அமைப்புகள் பற்றிய அவரது நூல் வந்தது 1952-ல். உலக வர்த்தக அமைப்பு பிறந்ததோ 1995-ல். 1952-ல் இருந்தது காட் ஒப்பந்தம் மட்டும்தான். அதைத் தொடங்கிய 23 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதே 1952-ல் சர்வதேச விவகாரங்களுக்கான இந்திய ஆண்டு நூலையும் மெட்ராஸில் தொடங்கினார்.

தங்கத் தகட்டில் ஒரு ஒப்பந்தம்

அவருக்கு நிலையான பெயர் வாங்கிக் கொடுத்தது வேறொரு விஷயம். சர்வதேசச் சட்டம் என்பது ஐரோப்பா உருவாக்கியது, ஆசிய நாடுகள் பிற்பாடு சேர்த்துக்கொள்ளப்பட்டவை என்றுதான் அப்போது எங்கும் பாடம். அலெக்ஸாண்ட்ரோவிச் பழைய ஒப்பந்தங்களைத் தேடிப் படித்தார்.

நம்ம பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. திருவண்ணாமலைக்கு அருகே உள்ள செஞ்சியை ஆண்ட நாயக்கர், தேவனாம்பட்டினத்தில் கால் ஊன்ற 1608-ல் டச்சுக்காரர்களுக்கு அனுமதி கொடுத்தார். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடிக்காக டென்மார்க்குடன் செய்துகொண்ட ஒப்பந்தம் தங்கத் தகட்டில் எழுதப்பட்டது. ஐரோப்பியர்கள் அன்றைக்கு வந்து நின்றது அனுமதி கேட்பவர்களாகத்தான்.

16 முதல் 18-ம் நூற்றாண்டு வரை ஆசிய அரசர்களை ஐரோப்பியர்கள் சட்டப்படி சமமானவர்களாக நடத்தினார்கள், 19-ம் நூற்றாண்டில்தான் கதவை மூடிவிட்டு, உள்ளே வர எங்கள் அனுமதி வேணும்னு சொன்னார்கள் என்பது அவர் வாதம். அப்படியானால் 1947-ல் இந்தியா புதிதாக உள்ளே வரவில்லை. இழந்த இடத்துக்குத் திரும்பி வந்தது.

இது ஏட்டளவு சண்டை இல்லை. தாத்ரா நகர் ஹவேலிக்குப் போக வழி கேட்டு 1955-ல் போர்ச்சுகல் இந்தியா மேல் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டபோது, மராத்தியர்களோடு 1779-ல் போட்ட ஒப்பந்தத்தைத்தான் கையில் எடுத்தது. அது செல்லுமா, செல்லாதா? 1960 தீர்ப்பில் ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஒதுக்கவில்லை. ஆனால் அதன் மூலம் அந்த நிலத்தின் இறையாண்மை போர்ச்சுகலுக்குப் போகவில்லை என்றது. ஆயுதப் படைகளைக் கொண்டு போகும் உரிமையும் கிடையாது, இந்தியா விதியை மீறவும் இல்லை என்று முடித்தது.

1961-ல் அவர் சிட்னி பல்கலைக்கழகத்துக்குப் போனார். மெட்ராஸில் தொடங்கிய தேடல் 1967-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட நூலாக வந்தது. பிறகு ஆப்பிரிக்க ஒப்பந்தங்கள் பக்கம் திரும்பினார். 1975-ல் இறந்தார்.

விமர்சனமும் உண்டு. பீரங்கியோடு வந்து நின்றவனிடம் கையெழுத்துப் போட்டதை எப்படிச் சமத்துவம் என்று சொல்வது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். போர்ச்சுகீசியர்கள் கடலில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது கோழிக்கோடு மக்களுக்குத் தெரியும். ஆனாலும் அவர் கட்டுரைகளை ஆர்மிடேஜ், பிட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2017-ல் ஒரே தொகுப்பாக மறுபடி வெளியிட்டார்கள். அவர் இறந்து அப்போது 42 வருஷம் ஆகியிருந்தது.