பெல்லின் மற்றொரு பாடம்

தொலைபேசி என்றதும் அலெக்சாந்தர் கிரகாம் பெல்லின் பெயர் எவர் நாவிலும் வரும். பாடநூல்கள் அவர் வரலாற்றை அந்தக் கருவியோடு முடித்துவிடுகின்றன. அவரோ தம்மைக் காது கேளாதோரின் ஆசிரியர் என்று கூறிக்கொள்வதிலேயே பெருமை கொண்டவர். நல்ல உள்ளமும் கூரிய அறிவும் உடைய ஒருவரின் ஆராய்ச்சி எங்கே வழி தவறக்கூடும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. அறிவியல் பயிலும் நமக்கு அது தொலைபேசியினும் பெரிய பாடம் என்பது என் எண்ணம்.

பெல் 1847ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தையார் பேச்சுப் பயிற்சி அளிப்பதில் பெயர் பெற்றவர். தாயாருக்குக் காது சரிவரக் கேளாது. மகன் விரல்களால் எழுத்துகளைக் காட்டி அன்னையோடு உரையாடுவான். சில வேளை அவர் நெற்றியருகே வாய் வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவான். உடன்பிறந்தார் இருவரும் காசநோய்க்கு இரையாயினர். எஞ்சிய ஒரு மகனையேனும் காக்க எண்ணிப் பெற்றோர் 1870இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். மறு ஆண்டு பெல் பாஸ்டன் சென்று, காது கேளாத குழந்தைகளுக்குப் பேசக் கற்பிக்கலானார். 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். 1877இல் தம் மாணவியான மேபலை மணந்தார். அவர் ஐந்து வயதில் ஸ்கார்லெட் காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர். உதட்டசைவைக் கண்டே பேச்சை உணர்பவர்.

தாயும் மனைவியும் காது கேளாதவர்கள். ஆகவே, பெல்லிடம் அன்புக்குக் குறைவில்லை. 1883இல் அவர் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். பள்ளிப் பதிவேடுகளை ஆராய்ந்து, காது கேளாதோர் தமக்குள்ளேயே மணந்துகொள்வது மிகுதி எனக் கண்டிருந்தார். இவ்வாறே சென்றால் மனித இனத்தில் காது கேளாத தனி வகை ஒன்று தோன்றிவிடும் என்று அஞ்சினார். அத்தகைய மணங்களைச் சட்டத்தால் தடுக்குமாறு அவர் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அவர்களை ஒன்று சேர்ப்பவை தங்கிப் பயிலும் பள்ளிகளும், சைகை மொழியும், காது கேளாத ஆசிரியர்களுமே. ஆதலால் இம்மூன்றையும் விலக்க வேண்டும் என்றார்.

அச்சத்துக்கு அடிப்படை வலுவில்லை. மெண்டலின் மரபு விதிகள் 1866இலேயே வெளிவந்தும், 1900 வரை உலகம் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பிறவியிலேயே காது கேளாமைக்குக் காரணமான மரபணுக்கள் பல. பெரும்பாலும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணு பழுதுற்று வந்தால்தான் குழந்தைக்கு அது தோன்றும். காய்ச்சலால் கேட்கும் திறன் இழந்தவர்க்கோ அது வழிவழி வருவதே இல்லை. ஃபே என்னும் ஆசிரியர் இத்தகைய 4,471 திருமணங்களின் விவரத்தைத் திரட்டி 1898இல் வெளியிட்டார். பயன் தெரிந்த மணங்களுள் பத்தில் ஒன்பதில் காது கேளாத குழந்தை பிறக்கவே இல்லை. அந்நூலை வெளியிட்டது பெல் நிறுவிய வோல்ட்டா நிலையமே என்பது அவர் நேர்மைக்குச் சான்று.

மற்றொன்றும் உண்டு. அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்டு தீவில் தலைமுறை தலைமுறையாகக் காது கேளாதோர் பலர் பிறந்தனர். பெல் அத்தீவின் குடிவழிகளைத் திரட்டினார். அங்கே காது கேட்போரும் சைகை மொழி அறிந்திருந்தனர். கடையிலும் ஊர்க் கூட்டத்திலும் அதில் உரையாடினர். கேளாமை அங்கே பெருந்தடையாக இல்லை. குருதி வழியைத் தேடிய அறிஞர், கண்முன் இருந்த இந்த மருந்தைக் கருதவில்லை.

1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, பேச்சு முறையே சிறந்தது என்று தீர்மானித்தது. 164 பேராளருள் காது கேளாதவர் ஒருவரே. பெல் அங்குச் செல்லவில்லை. எனினும் அவர் புகழ் அக்கொள்கைக்கு வலிமை தந்தது. பல நாட்டுப் பள்ளிகளிலிருந்து சைகை மொழி வெளியேற்றப்பட்டது. அத்தீர்மானங்களை அதே மாநாட்டு வரிசை 2010இல்தான் வான்கூவரில் கைவிட்டது.

இது எங்கோ நடந்த கதை அன்று. நான் இடுக்கி மாவட்டத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். பாட்டனார் காலத்தில் நெல்லைச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பம் எங்களுடையது. என் அத்தைக்குக் காது கேளாது. மருத்துவர் மலையாளத்தில் கேட்பார். அப்பா விடை சொல்வார். அத்தை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். எழுதிக் காட்டலாம் என்றால், அத்தை கற்றது தமிழ் எழுத்து. பெண்களுக்கே உரிய உபாதையைத் தம்பி வாயிலாகச் சொல்ல நாணி, அவர் பல மாதம் மறைத்து வைத்திருந்தார். பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நண்பர் ஒருவர் வீட்டிலும் இதே நிலைதான்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் செவிக்குறை உடையோர் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர். 2015இல் இந்திய சைகை மொழிக்கென ஆராய்ச்சி, பயிற்சி மையம் டில்லியில் தொடங்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சைகை மொழியை ஏற்றுக்கொண்டது. ஆனால் நோயாளி சொல்வதைக் கேட்டன்றோ மருத்துவர் நோயை அறிகிறார்? வீடு வீடாகச் செல்லும் உடல்நல ஆய்வும் வாய்மொழியாகவே நடந்தால், காது கேளாதவருக்காக உடனிருப்பவரே விடை சொல்கிறார். அவ்விடையைக் கொண்டு எழும் முடிவு யாருடைய நலத்தைக் கூறும்? வினாக்கள் சைகை மொழியில் அமைதல் வேண்டும். ஆய்வுக்கு இசைவு பெறுவதும் அம்மொழியிலேயே நிகழ்தல் வேண்டும். ஆராய்வோருள்ளும் காது கேளாதோர் இடம் பெறுதல் வேண்டும்.

பெல் 1922 ஆகஸ்டு 2ஆம் நாள் கனடாவில் காலமானார். அவரை அடக்கம் செய்தபோது வட அமெரிக்கத் தொலைபேசிகள் ஒரு நிமிடம் ஓய்ந்தன. இன்று கைப்பேசியின் திரையில் காது கேளாதோர் ஒருவர்க்கொருவர் கைகளால் உரையாடுகின்றனர். எல்லைப்புற மருத்துவமனைகளிலும் சைகை மொழி அறிந்த ஒருவரை அத்திரையில் வரவழைத்தல் அரிய செயலன்று. மருத்துவமும் அறிவியலும் பயிலும் சங்க நண்பர்களே, நாளை நீங்கள் ஆய்வுத்தாளோடு அவர்கள் வாயிலில் நிற்கும்போது, அருகில் நிற்பவரை விடுத்து அவர்களையே கேளுங்கள்.