தனித்து நின்ற தேவமனிதன் அத்தனாசியஸ்



சமீபத்தில் நம்ம சபைச் சகோதரி ஒருவர் கலங்கிப்போய் என்னிடம் வந்தார். வீடு தேடி வந்த இரண்டு பேர், இயேசுவும் ஒரு சிருஷ்டிதான் என்று சொன்னார்களாம். திரித்துவம் என்ற வார்த்தை வேதத்தில் எங்கே இருக்கிறது என்றும் கேட்டார்களாம். அம்மா, இது பழைய சண்டை என்று சொல்லி, அத்தனாசியஸின் கதையைச் சொன்னேன். நீங்களும் கேளுங்கள்.

எகிப்தின் அலெக்சந்திரியாவிலே ஆரியஸ் என்ற போதகர், குமாரன் பிதாவினால் உண்டாக்கப்பட்டவர் என்று போதித்தார். சபை பிளந்தது. 325-ல் நிசேயாவில் கூடிய ஆலோசனைச் சங்கம், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கை செய்தது. அங்கே தன் பேராயரோடு போயிருந்த உதவிக்காரர்தான் அத்தனாசியஸ். 328-ல் அவரே அலெக்சந்திரியாவின் பேராயரானார்.

பாடுகள் பின்தொடர்ந்தன. 335-ல் தீருவில் கூடிய பேராயர்கள் அவரைப் பதவியிலிருந்து தள்ளினார்கள். 5 முறை தன் சபையை விட்டுத் துரத்தப்பட்டார். ஏறக்குறைய 17 வருஷம் அப்படியே போயிற்று. 356-ல் ஒரு ராத்திரி ஜெபத்தின்போது போர்ச்சேவகர் ஆலயத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜனங்கள் முதலில் வெளியேறட்டும் என்று அவர் உட்கார்ந்தே இருந்தார். பிறகு வனாந்தரத்துத் துறவிகள் அவரை மறைத்து வைத்தார்கள்.

பேரரசனும் எதிர்ப்பு, பேராயர்களும் எதிர்ப்பு. அப்படியானால் அவருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? வேதத்திலிருந்துதான். சிருஷ்டி சிருஷ்டியை இரட்சிக்க முடியாது என்று வாதாடினார். ஒரே தன்மை என்ற வார்த்தை வேதத்தில் இல்லைதான், ஆனால் அதன் பொருள் வேதத்தில் இருக்கிறது என்று விளக்கினார்.

நம் கையிலுள்ள புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களை மட்டும் குறிப்பிட்டு, இன்றைக்கும் கிடைக்கிற பட்டியல்களில் மிகப் பழையது அவர் 367-ல் சபைகளுக்கு எழுதிய கடிதம். அதே கடிதத்தில் எஸ்தர் புத்தகத்தை வேதப் பட்டியலுக்கு வெளியே வைத்துவிட்டார்! பிதாக்களும் மனுஷர்தானே.

வேதாகமக் கல்லூரிக்குப் போகுமுன், சபைப் பிதாக்கள் நமக்கெதற்கு, வேதம் போதுமே என்று நானும் நினைத்தவன்தான். பிரியமானவர்களே, வேதம் போதும். ஆனால் அந்த வேதத்துக்காகப் பாடுபட்ட மூத்த சகோதரரைத் தள்ளிவிடலாமா? அவர்கள் சொல்லுவதைக் கேட்போம்; வேதத்தை வைத்துச் சோதிப்போம்.

அத்தனாசியஸ் 373-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 381-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் நிசேயாவின் விசுவாசத்தை உறுதிப்படுத்தியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அந்தச் சகோதரி இப்போது யோவான் சுவிசேஷம் முதலாம் அதிகாரத்தைப் படித்து வருகிறார். அவர்கள் மறுபடியும் வரட்டும் ஐயா, நான் பேசுகிறேன் என்கிறார். கர்த்தருக்கே மகிமை! ஆமென்.