காமிராவுடன் காட்டில் காத்திருந்தவர்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்றும் திறந்த கிணறுகள் உண்டு. கிணற்று மேட்டில், மின்சாரக் கம்பியின் மேல் ஒரு பறவை அசையாமல் அமர்ந்திருக்கும். நீல முதுகு, வெள்ளை மார்பு, சிவந்த பெரிய அலகு. அதுதான் மீன்கொத்தி.

கிணற்றின் மண்சுவரில் பொந்து குடைந்து, அதற்குள் அது முட்டையிடும். அதைப் படம் பிடிக்க யாருக்குத்தான் ஆசை இல்லை?

ஆனால், காமிராவும் கையுமாகப் பொந்தை நெருங்கினால் என்ன ஆகும்? இரை கொண்டுவந்த தாய்ப் பறவை உள்ளே போகாது. கம்பியில் இருந்தபடியே கத்தும். பொந்துக்குள் குஞ்சுகள் பசியால் வாடும்!

படமும் வேண்டும், பறவையும் வாழவேண்டும். இதற்குத் தம் வாழ்க்கையாலேயே வழிகாட்டிய தமிழர் ஒருவர் உண்டு. அவர்தான் மா. கிருஷ்ணன்.

கீரி வளர்த்த சிறுவன்

கிருஷ்ணன் 1912-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை, 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய நாவலாசிரியர் அ. மாதவையா. எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணனே கடைக்குட்டி.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தது. அன்று அந்தப் பகுதி புதர்க்காடு. பறவைகளும் நரிகளும் அங்கே திரிந்தன. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரியை வளர்த்தான்.

1925-ல் தந்தை காலமானார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

கொடைக்கானல் மலையில்

1927-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். தாவரவியல் பேராசிரியர் பைசனுக்கு இந்த மாணவரை மிகவும் பிடித்துவிட்டது. செடி கொடிகளை ஆராய மலைக்குப் போகும்போது உடன் அழைத்துச் சென்றார். நீலகிரிக்கும் போனார்கள், கொடைக்கானல் மலைக்கும் போனார்கள்.

திண்டுக்கல் மக்கள் தினமும் தூரத்தில் பார்க்கிற மலையில்தான், இயற்கையைக் கூர்ந்து பார்க்கும் பயிற்சி அவருக்குக் கிடைத்தது. பைசனின் மனைவி அவருக்கு நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொடுத்தார்.

சட்டமும் படித்தார். ஆனால் மனம் காட்டையே நாடியது.

வேலை போயிற்று

1942-ல் சந்தூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அது இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. அங்கே ஆசிரியராக இருந்தார், நீதிபதியாகவும் இருந்தார், மன்னரின் செயலாளராகவும் இருந்தார். ஓய்வு கிடைத்தால் காட்டுக்குப் போய்விடுவார்.

1949-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். மனைவியும் மகனும் உள்ள குடும்பஸ்தர். வேறு உத்தியோகம் தேடியிருக்கலாம். அவர் தேடவில்லை! பேனாவையும் காமிராவையும் நம்பியே வாழ்வது என்று துணிந்தார்.

1950-ல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதத் தொடங்கினார். 46 ஆண்டுகள் எழுதினார்.

ஒட்டுப்போட்ட காமிரா

அவருடைய காமிரா கடையில் வாங்கியதல்ல. ஒன்றின் உடலும் மற்றொன்றின் லென்சுமாகச் சேர்த்து, அவரே அமைத்துக்கொண்டது. பெரியது, கனமானது. அதைச் சுமந்துகொண்டு காட்டில் நடப்பார். சில சமயம் யானை மேல் போவார்.

கறுப்பு-வெள்ளைப் படம்தான் எடுப்பார். அழகுக்காக மட்டும் எடுக்கவில்லை. விலங்கு தன் இடத்தில், தன் போக்கில் எப்படி வாழ்கிறது என்று காட்டவே எடுத்தார். காட்டு யானைகளின் படங்கள் அவருக்குப் பெரும் புகழ் தந்தன.

ஊர் மக்களே பறவைகளைக் காத்துவந்த வேடந்தாங்கல் பற்றியும் நூல் எழுதினார். அவருக்குப் 'பத்மஸ்ரீ' விருதும் கிடைத்தது.

1996-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி தமது 83-வது வயதில் காலமானார். அன்றைய பத்திரிகையிலும் அவர் கட்டுரை வெளிவந்திருந்தது!

நாம் செய்யவேண்டியது

அவரிடம் இருந்த பொறுமை நமக்கும் வேண்டும்.

மீன்கொத்தி நாள்தோறும் ஒரே கம்பிக்கு, ஒரே கிளைக்கு வரும். தூரத்தில் மறைவாக உட்கார்ந்து காத்திருந்தால் போதும். பொந்தின் அருகே போகக்கூடாது. மறைக்கிறது என்று கிளையை ஒடிக்கக்கூடாது. தொட்டியில் மீன் விட்டு அதை ஏமாற்றி வரவழைக்கக்கூடாது.

வாயில் இரையோடு பறவை உள்ளே போகாமல் தவிக்கிறதா? அதற்குக் காரணம் நாம்தான். உடனே எழுந்து வந்துவிட வேண்டும்.

படத்தை நாளைக்கும் எடுக்கலாம். பசியோடு இருக்கும் குஞ்சு நாளை வரை தாங்காது!